பதினான்காவது வரி

ஒரே வரி மறுபடி மறுபடி வரும் பாட்டு என்றால் கல்லில் எழுத்து வெட்டுகிறவர்களுக்கு வேலை கொஞ்சம் இலகு. அந்த வரியை ஒரு தடவை வரைந்தால் போதும். மெல்லிய தாளில் எழுத்துகளை அளந்து வரைந்து, தாளின் பின்பக்கம் காவிப்பொடியைத் தேய்த்து, கல்மேல் வைத்து எழுத்தின் ஓரத்தை ஆணியால் அழுத்தினால் கல்லில் சிவப்பாகக் கோடு விழும். அந்த வரி திரும்ப வரும்போது அதே தாளைக் கீழே இறக்கி வைத்து மறுபடி அழுத்த வேண்டியதுதான். எத்தனை முறை வைத்தோம் என்பது மறந்துபோகாமல் இருக்க ஒவ்வொரு முறையும் தாளின் ஓரத்தில் ஒரு கோடு கிழித்துக்கொள்வார்கள். கடைசி முறை முடிந்ததும் தாள் சுருண்டு குப்பைக் கூடைக்குப் போய்விடும்.

பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் இருந்த கல்பட்டறையில் மூன்று பேர் வேலை செய்தார்கள். எழுத்து வெட்டுகிறவனை எல்லோரும் உளிக்காரன் என்றார்கள். அவன் மனைவி எழுத்து வரைவாள். அவளுக்கு எழுத்துக்காரி என்று பெயர். உளிக்காரனின் தம்பி கல்லை இழைத்துப் பாலிஷ் போடுவான். பட்டறைக்குப் பின்னால் வீடு. இரண்டுக்கும் நடுவே ஒரே கதவு. வாசலில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டிருந்தும் கல்தூசு வீட்டுக்குள் வந்துகொண்டேதான் இருக்கும். தண்ணீர்ப் பானையின் மூடியைத் திறப்பதற்கு முன்னால் அதைத் துடைப்பது அந்த வீட்டில் மூச்சு விடுவது மாதிரி ஒரு பழக்கம்.

உளிக்காரன் தான் வெட்டுவதைப் படிக்க மாட்டான். படிக்கத் தெரியாமல் இல்லை. படித்தால் மனம் அடுத்த சொல்லுக்கு ஓடும், கை அதன் பின்னால் ஓடும், எழுத்தின் கால் உடையும் என்பது அவன் கணக்கு. அவனுக்கு எழுத்து என்பது ஒரு வளைவு, ஒரு பள்ளம், ஒரு முனை. எது எங்கே வரவேண்டும் என்பதை எழுத்துக்காரி பார்த்துக்கொள்வாள். இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான் நடந்து வந்தது.

அந்த வருடம் நூலகத்துக்கு முன்னால் நாட்டுவதற்காக ஒரு நினைவுக்கல் வேலை வந்தது. சண்டை முடிந்து பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. ஊரிலிருந்து ஒரே படைப்பிரிவில் சேர்ந்து போனவர்களின் நினைவாக வைக்க வேண்டிய கல். பெயர்களை வெட்டுவதா வேண்டாமா என்று ஊராட்சி அதற்காக அமைத்த குழுவில் பெரிய இழுபறி நடந்து, கடைசியில் பெயரே வேண்டாம், ஒரு பாட்டை வெட்டிவிடலாம் என்று முடிவாகியிருந்தது. பாட்டை எழுதியவர் அந்தப் படைப்பிரிவில் ரொட்டியைப் பங்கு வைத்துக் கொடுத்தவர். அதனால் அவருக்குப் பங்கு என்றே பெயர் நிலைத்துவிட்டது. சண்டையிலிருந்து திரும்பி வந்து ஆஸ்பத்திரியில் சாமான் அறைப் பொறுப்பாளராக இருந்து, இரண்டு வருடத்துக்கு முன்னால் நுரையீரல் கெட்டு இறந்துபோனார். அவருடைய நோட்டில் இருந்த ஒரே பாட்டு இதுதான்.

ஆற்றைக் கடந்தோம் அதிகா லையிலே
சேற்றில் புதைந்த செருப்பைத் தேடினோம்
எண்ணிப் பார்த்தோம் ஒருவர் குறைவு

மலையில் ஏறினோம் மழைதான் பெய்தது
தலையை மறைக்கத் தகரம் பிடித்தோம்
எண்ணிப் பார்த்தோம் ஒருவர் குறைவு

வீட்டுக் கடிதம் வெயிலில் படித்தோம்
காட்டில் கிடைத்த கனியைப் பகிர்ந்தோம்
எண்ணிப் பார்த்தோம் ஒருவர் குறைவு

பாலம் உடைந்தது பகலில் தானே
கோலம் கெட்டுக் குனிந்து வந்தோம்
எண்ணிப் பார்த்தோம் ஒருவர் குறைவு
எண்ணிப் பார்த்தோம் ஒருவர் குறைவு
எண்ணிப் பார்த்தோம் ஒருவர் குறைவு

பதினான்கு வரி. உளிக்காரன் ஒரு நாளைக்கு இரண்டு வரி வெட்டுவான். கல் கறுப்பு, பாலிஷ் ஏறியதும் அதில் முகம் தெரியும். எழுத்துக்காரி மேலே நான்கு விரல், கீழே ஆறு விரல் இடம் விட்டு, நடுவில் பதினான்கு வரிக்கும் கோடு போட்டு முடித்திருந்தாள். நான்கு வரி வெட்டி முடிந்த அன்று மத்தியானம் குழுவின் செயலாளர் வந்தார். உளிக்காரனும் தம்பியும் உளிமுனை காய்ச்சிக்கொண்டு வரக் கொல்லன் பட்டறைக்குப் போயிருந்தார்கள்.

செயலாளர் நல்ல மனிதர்தான். எதைக் கேட்டாலும் சின்ன விஷயம் என்று ஆரம்பிப்பார். கல்லின் அடியில் ஒரே ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றார். திறந்து வைப்பவர் பெயர், குழுவின் பெயர், தேதி. பொடி எழுத்தில் வெட்டட்டுமா என்று எழுத்துக்காரி கேட்டாள். திறந்து வைப்பவர் கண்ணாடி போடாமல் படிக்கக்கூடிய அளவுக்கு இருந்தால் நல்லது என்றார் அவர். அதாவது மற்ற வரிகளின் அளவுக்கு.

அவர் போன பிறகு அவள் அளவுகோலை வைத்துப் பார்த்தாள். கீழே விட்ட ஆறு விரலும் மண்ணுக்குள் போகிற பாகம். அங்கே வெட்ட முடியாது. எழுத்தைச் சின்னதாக்கலாம் என்றால் நான்கு வரி ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது. பதினைந்து வரிக்கு அந்தக் கல்லில் இடம் இல்லை. பாட்டின் தாளை எடுத்து மேலிருந்து கீழே பார்த்தாள். கடைசியில் ஒரே வரி மூன்று தடவை நின்றது. மூன்று தடவை சொன்னதை இரண்டு தடவை சொன்னால் என்ன, செவிடனுக்கா சொல்கிறோம் என்று தோன்றியது. பென்சிலை எடுத்து ஒரு வரியை அடித்தாள். பூவேலைக்கு இடம் இல்லாவிட்டால் ஒரு பூவைக் குறைப்பது பட்டறையில் நடக்கிற காரியம்தான். இதையும் அப்படித்தான் செய்தாள். தாளை மடித்து மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு உருளைக்கிழங்கு வேகவைக்கப் போனாள். சாயங்காலம் அவர்கள் திரும்பி வந்தபோது செயலாளர் வந்ததைச் சொன்னாள். ஒரு வரி சேர்ந்ததைச் சொன்னாள். ஒரு வரி போனதைச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று அல்ல. சொல்லுவதற்கு அதில் ஒன்றும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

அடுத்த ஐந்து நாளும் காற்று வீசியது. மழை வராத காற்று. சாக்கை ஒரு மணிக்கு ஒருமுறை நனைக்க வேண்டியிருந்தது. உளிக்காரன் பதின்மூன்றாவது வரியை முடித்து, கல்லைக் கழுவி, தாளைச் சுருட்டிக் கூடையில் போட்டான். அடியில் வெட்ட வேண்டிய பெயர் வரி மட்டும் மிச்சம் இருந்தது. திறப்பு விழாவுக்கு ஒன்பது நாள் இருந்தது.

மறுநாள் அவர்கள் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் ஆஸ்பத்திரியில் துணி இஸ்திரி போடும் அக்கா வந்தாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பழைய சூட்டுத் தழும்புகள், ஏணிப்படி மாதிரி. ஒரு நாளைக்கு முந்நூறு படுக்கை விரிப்பு தேய்ப்பவள். கல்லைப் பார்க்கலாமா என்று கேட்டாள். ரொட்டியும் வெங்காயமும் தட்டில் இருந்தன, சாப்பிடச் சொன்னார்கள். வயிறு நிறைந்திருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டுக் கல்லின் முன்னால் போய் நின்றாள். வாய்விட்டுப் படிக்கவில்லை. விரலை ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் வைத்து வைத்துக் கீழே வந்தாள். கீழே வந்ததும் மறுபடி மேலே போனாள்.

"உளிக்காரத் தம்பி, ஒரு வரி விட்டுப் போச்சு."

உளிக்காரன் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு எழுந்தான். "எந்த வரி அக்கா?"

"கடைசி வரி. மூணு இருக்கணும். ரெண்டுதான் இருக்கு."

அவன் எண்ணினான். பிறகு குப்பைக் கூடையைக் கவிழ்த்து, சுருண்ட தாள்களைப் பிரித்து, அந்த வரியின் தாளைக் கண்டுபிடித்தான். ஓரத்தில் ஐந்து கோடு. ஆரம்பத்தில் எழுத்துக்காரி பாட்டின் தாளைக் காட்டி அந்த வரி ஆறு தடவை என்று சொன்னது அவனுக்கு நினைவு இருந்தது. ஆறு வைக்க வேண்டிய இடத்தில் ஐந்து வைத்திருக்கிறேன் என்று மெதுவாகச் சொன்னான். அவன் முகம் கல்தூசு படிந்தது மாதிரி ஆகிவிட்டது.

எழுத்துக்காரியின் கையில் ரொட்டி இருந்தது. அந்தச் சமயத்தில் சொல்லியிருக்க வேண்டும். தம்பி அதற்குள், "விடுங்கண்ணே, யார் போய் எண்ணப் போறா" என்றான்.

"நான் எண்ணினேன்ல" என்றாள் அக்கா. அவ்வளவுதான் சொன்னாள். ஆஸ்பத்திரியில் மணி அடித்துவிடும் என்று போய்விட்டாள்.

அதற்கப்புறம் இரண்டு நாள் உளிக்காரன் எண்ணிக்கொண்டே இருந்தான். அலமாரியில் இருந்த உளிகளை எண்ணினான். வீட்டுக்குள் ஏறும் படிகளை எண்ணினான். நாலு மைல் சைக்கிளில் போய், முன்பு வெட்டிய ஒரு கல்லில் வரிகளை எண்ணிவிட்டு வந்தான். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை கல்லில் எதையெல்லாம் விட்டிருக்கிறோமோ என்று ஒரே ஒரு தடவை சொன்னான். தம்பி கேலி செய்து பார்த்தான். பிள்ளைகள் வாய்ப்பாடு படிக்கிற வயதில் அண்ணன் படித்திருந்தால் இந்தக் கஷ்டம் இல்லை என்றான். உளிக்காரன் சிரிக்கவில்லை. அவன் சிரிக்காததைப் பார்த்துவிட்டுத் தம்பியும் நிறுத்திக்கொண்டான்.

எழுத்துக்காரி அந்த இரண்டு நாளும் வாயைத் திறக்கவில்லை. சொல்லலாம் என்று எழுந்திருக்கும்போதெல்லாம் ஏதாவது ஒரு வேலை குறுக்கே வந்தது. வராதபோது அவளே ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டாள். இழுப்பறையில் இருந்த தாளை எடுத்து அடுப்பில் போட்டுவிடலாமா என்றுகூட ஒருமுறை நினைத்தாள். போடவில்லை. முதல் நாளில் ஒரு சொல்லில் முடிந்திருக்க வேண்டியது, இரண்டாம் நாளில் ஒரு கதையாக வளர்ந்து நின்றது.

விஷயம் செயலாளர் காதுக்கு எட்டி, மூன்றாம் நாள் காலையில் அவர் புலவரை அழைத்துக்கொண்டு வந்தார். புலவர் பள்ளிக்கூடத்தில் இலக்கணம் நடத்தி ஓய்வு பெற்றவர். விழாவில் கொடுக்கப்போகும் சிறு புத்தகத்துக்குப் பாட்டைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலத்துக்குள் அச்சகத்தில் கொடுக்க வேண்டும். இஸ்திரி அக்காவும் வந்திருந்தாள். அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்ததாகச் சொன்னாள்.

புலவர் ஸ்டூலில் உட்கார்ந்து, கல்லைப் பார்த்து, தொடையில் தாளம் போட்டபடி படித்தார். அவர் குரல் நன்றாக இருந்தது. அந்தப் பாட்டை அதுவரை யாரும் அங்கே வாய்விட்டு முழுதாகப் படித்திருக்கவில்லை.

"எண்ணிப் பார்த்தோம் ஒருவர் குறைவு. தேமா, தேமா, புளிமா, புளிமா" என்றார்.

"சார், இனிப்பு மாங்கா ரெண்டு, புளிப்பு மாங்கா ரெண்டா?" என்று தம்பி கேட்டான்.

"எடைக்கல் மாதிரி வச்சுக்கோப்பா. சீரை அதுல போட்டு நிறுக்கறோம். முதல் ரெண்டும் கனமா ஊனி நிக்குது. அடுத்த ரெண்டும் கொஞ்சம் இழுத்துக்கிட்டுப் போகுது. நின்னு எண்ணிட்டு, நடக்கற நடை."

தம்பி கேலியை விட்டுவிட்டுக் கேட்க ஆரம்பித்தான். புலவர் ஒவ்வொரு கண்ணியாகக் காட்டினார். முதல் இரண்டு அடியும் ஜோடி: ஆற்றை, சேற்றில், மலையில், தலையை, வீட்டு, காட்டில், பாலம், கோலம். எதுகை எங்கேயும் தப்பவில்லை. அடிக்குள் மோனையும் இருக்கிறது: சேற்றுக்குச் செருப்பு, மலைக்கு மழை, தலைக்குத் தகரம். திரும்பத் திரும்ப வரும் அடிக்கு மட்டும் எதுகை ஜோடி கிடையாது. கண்ணிக்குக் கண்ணி அது தனியாக நிற்கிறது. பாட்டு முழுவதும் தேடினாலும் கருவிளம் என்ற சீர் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது. அது 'உடைந்தது' என்ற சொல். பாலம் உடைகிற இடத்தில் நடை உடைகிறது. எழுதியவர் இலக்கணம் படித்தவர் இல்லை என்கிறார்கள், ஆனால் காது உள்ளவர் என்றார்.

"இப்ப கடைசிக்கு வருவோம். 'கோலம் கெட்டுக் குனிந்து வந்தோம்.' தேமா, தேமா, புளிமா, தேமா. கடைசிச் சீர் ஒண்ணுதான் வேற. மத்தபடி 'எண்ணிப் பார்த்தோம்' நடையேதான். அதாவது அந்த அடி வர்றதுக்கு முன்னாடியே அதோட ஓசை வந்துடுது. அதனால ரெண்டு தடவை வெட்டினாலும் காது மூணாத்தான் எடுத்துக்கும். மூணு வெட்டினா நாலாகிடும். அதுவும் இல்லாம, மூணு அடி, மூணு அடி, மூணு அடி, கடைசில நாலு. அது ஒரு படி ஏத்தம். அஞ்சுன்னா சாஞ்சுடும். என்னைக் கேட்டா, உளிக்காரர் கை தெரியாம ஒரு நல்ல காரியம் பண்ணியிருக்கு."

செயலாளருக்கு மூச்சு வந்தது. "பார்த்தீங்களா? இலக்கணமே சரிங்குது" என்றார்.

உளிக்காரன் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான். எழுத்துக்காரிக்கு அந்த நிமிடம் நன்றாகத் தெரிந்தது: எல்லோருக்கும் வசதியான ஒரு கதவு திறந்திருக்கிறது. அவள் சும்மா இருந்தாலே போதும்.

இஸ்திரி அக்கா சுவரோரமாக நின்றிருந்தாள். "சார், நீங்க சொல்றது எல்லாம் சரியா இருக்கும். கேக்கவே நல்லா இருந்துச்சு" என்றாள். "ஆனா பங்கு அண்ணன் அழகுக்கு எழுதல. கணக்குக்கு எழுதினாரு. ஆத்துல ஒருத்தர். மலையில ஒருத்தர். காட்டுல ஒருத்தர். பாலத்துல மூணு பேரு. அந்த மூணாவது ஆள் என் தம்பி."

புலவரின் கை தொடைமேல் நின்றுவிட்டது. அவர் செயலாளரைத் திரும்பிப் பார்த்தார்.

குழுவில் பெயர் வேண்டாம் என்று முடிவானதற்குக் காரணமே அந்தத் தம்பிதான். எப்போதும் சீட்டி அடித்துக்கொண்டே இருந்ததால் அவனை விசில் என்று கூப்பிடுவார்கள். அரசாங்கப் பட்டியலில் இறந்தவர்கள் ஐந்து பேர். விசிலின் பெயருக்கு எதிரில் காணவில்லை என்று இருந்தது. பாலத்தில் செத்தான் என்றார்கள் சிலர்; பாலம் உடைந்த களேபரத்தில் ஓடிவிட்டான் என்றார்கள் சிலர். உடல் கிடைக்கவில்லை. பெயர் வெட்டினால் அவன் பெயரை வெட்டுவதா என்ற கேள்வி வரும். பாட்டு வெட்டினால் வராது என்று நினைத்திருந்தார்கள். பாட்டிலும் ஒரு எண்ணிக்கை இருப்பதை யாரும் பார்க்கவில்லை.

செயலாளர் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். "அம்மா, உங்க வருத்தம் புரியுது. ஆனா சர்க்கார் பட்டியல்ல அஞ்சுதான். காணாமப் போனவரை இறந்துட்டாருன்னு நாம எப்படிக் கல்லுல வெட்டறது? நாளைக்கு ஒருத்தன் கேள்வி கேட்டா?"

"பாட்டுல இறந்துட்டாருன்னு எங்க இருக்கு? குறைவுன்னுதானே இருக்கு."

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கூட்டம் ஒன்று இருப்பதாகச் சொல்லிக் கிளம்பினார். பெயர் வரியைத் திங்கட்கிழமைக்குள் முடித்துவிடச் சொன்னார். புலவர் வாசலில் ஈரச் சாக்கை விலக்கியபடி கொஞ்சம் நின்றார். எதையோ சொல்ல வந்தவர் போலத் தெரிந்தது. "கட்டுரையை அச்சகத்துல கேக்கறாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செயலாளர் பின்னால் போனார்.

எழுத்துக்காரி அக்காவை வீட்டுக்குள் அழைத்துப்போய்த் தேநீர் கொடுத்தாள். இந்தத் தடவை அக்கா மறுக்கவில்லை. சூடான குவளையை வெறும் கையால் பிடித்துக்கொண்டாள். சூடு அவள் கைக்குத் தெரிவதில்லை. கொஞ்ச நேரம் தண்ணீர்ப் பற்றாக்குறையைப் பற்றிப் பேசினாள். ஆஸ்பத்திரியில் புது இயந்திரம் வரப்போவதாகப் பன்னிரண்டு வருடமாகச் சொல்கிறார்கள் என்றாள். அதற்குப் பிறகுதான் பங்கு அண்ணனைப் பற்றிச் சொன்னாள். சாமான் அறையில் அவரிடம் சோப்பு வாங்கப் போகும்போது ஒரு நாள் அவராகவே சொன்னது.

"காலைல பங்கு வைக்கறப்ப என் தம்பி வந்து, 'என் ரொட்டி உங்ககிட்டயே இருக்கட்டும்ணே, பாலத்து வேலை முடிச்சிட்டு வந்து வாங்கிக்கறேன்'னானாம். சீட்டி அடிச்சுக்கிட்டே போனானாம். அந்த ரொட்டியை அவரு நாலு நாள் பையிலேயே தூக்கிக்கிட்டுத் திரிஞ்சிருக்காரு. பூசணம் புடிச்சப்புறம்தான் போட்டிருக்காரு. போட்ட அன்னைக்குத்தான் மூணாவது தடவை எழுதினேன்னாரு. ஏம்மா, நீயே சொல்லு. ஓடிப்போறவன் ரொட்டியை விட்டுட்டா ஓடுவான்?"

அக்கா குவளையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, மத்தியான வேலைக்கு நேரமாகிறது என்று போனாள்.

உளிக்காரன் பட்டறையில் தரையில் உட்கார்ந்து பெயர் வரிக்கான இடத்தை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். எழுத்துக்காரி மேசை இழுப்பறையைத் திறந்து, மடித்து வைத்திருந்த தாளை எடுத்து அவன் முன்னால் விரித்தாள்.

"நீங்க விடல. நான்தான் அடிச்சேன்."

அவன் தாளைப் பார்த்தான். பென்சில் கோடு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நேராக ஓடியிருந்தது. அளவுகோல் வைத்து அடித்த கோடு. அவள் எதையும் கோணலாகச் செய்பவள் இல்லை.

"இடம் பத்தலைங்க. செயலாளர் ஒரு வரி கேட்டாரு. மூணு தடவை ஒண்ணே வருதேன்னு ஒண்ணை எடுத்துட்டேன். இவ்வளவு பெரிய விஷயம்னு எனக்குத் தெரியாது."

"வரியை எடுத்தது இருக்கட்டும்" என்றான் அவன். "ரெண்டு நாளா நான் பைத்தியக்காரன் மாதிரி ஊரெல்லாம் சுத்தி எண்ணிக்கிட்டு இருந்தேன். நீ ரொட்டி சுட்டுக் குடுத்துக்கிட்டு இருந்த."

"ஆமா."

"நாலு மைல் சைக்கிள் மிதிச்சேன்."

"தெரியும்."

"எதிர்க்காத்து."

தம்பி இழைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் அசையாமல் நின்றான். அண்ணன் கோபப்பட்டு அவன் பார்த்ததில்லை. இது கோபமா என்றும் அவனுக்குப் பிடிபடவில்லை. உளிக்காரன் எழுந்து வாசலுக்குப் போய்ச் சாக்கில் தண்ணீர் ஊற்றினான். வேண்டியதற்கு மேல் ஊற்றினான். தண்ணீர் வழிந்து தெரு வரைக்கும் ஓடியது. திரும்பி வந்து தாளை மறுபடி பார்த்தான்.

"அந்த வரித்தாள் கசங்கிப் போச்சு. புதுசா வரையணும்" என்றான்.

"எங்க வெட்டறது?"

"கீழே ஒரு வரிக்கு இடம் இருக்குல்ல."

"அது அவங்க பேரு போடற இடம்."

"இன்னும் போடல" என்றான்.

எழுத்துக்காரி அன்று மத்தியானமே வரைந்தாள். மேலே உள்ள இரண்டு வரிகளையும் அளந்து, எழுத்துக்கு எழுத்து அதே அகலத்தில் வரைந்தாள். உளிக்காரன் மறுநாள் முழுவதும் அந்த ஒரே வரியை வெட்டினான். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம். வெட்டும்போது உதடு அசைந்ததைத் தம்பி பார்த்தான். அண்ணன் படித்துக்கொண்டே வெட்டுகிறான் என்று அண்ணியிடம் வந்து சொன்னான். எழுத்து ஏதாவது உடைந்ததா என்று அவள் கேட்டாள். இல்லை என்றான்.

திங்கட்கிழமை செயலாளர் வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். குழு கொடுத்த வேலையைக் குழுவைக் கேட்காமல் மாற்றியது தவறு என்றார். எழுத்துக்காரி குழு கொடுத்த பதினான்கு வரித் தாளை எடுத்துக் காட்டி, கொடுத்தபடியே வெட்டியிருக்கிறது, நடுவில் மாற்றியதுதான் தவறு, அது தன்னுடையது என்றாள். கல்லை வேண்டாம் என்று சொல்ல விழாவுக்கு முன்னால் நேரம் இல்லை. பெயர் வரியைப் பித்தளைத் தகட்டில் பொறித்து நூலகச் சுவரில் மாட்டிக்கொண்டார்கள். அடுத்த ஒன்றரை வருடம் ஊராட்சியிலிருந்து அந்தப் பட்டறைக்கு ஒரு வேலையும் வரவில்லை. சந்தை வாசலுக்கு வைத்த கல்கூட வேறு ஊரில் வெட்டி வந்தது.

விழா அரை மணி நேரம் நடந்தது. இஸ்திரி அக்கா வேலை உடுப்போடு வந்து, கூட்டத்தின் ஓரத்தில் நின்று, கூட்டம் கலைந்த பிறகு கல்லின் அருகே போய் விரல் வைத்து எண்ணிவிட்டுப் போனாள். மறுநாள் காலையில் பட்டறை வாசலில் தொங்கிக்கொண்டிருந்த பழைய சாக்கு இல்லை. அதன் இடத்தில் ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட கனத்த விரிப்பு ஒன்று, நான்காக மடித்துத் தைத்து, ஓரம் கத்தி மாதிரி தேய்த்து, தொங்கியது. நனையப்போகிற துணிக்கு எதற்கு இஸ்திரி என்று தம்பி கேட்டான்.

விழாவில் கொடுத்த புத்தகம் ஊரெல்லாம் பரவியது. அதில் பாட்டு, புலவர் அன்று கல்லைப் பார்த்து எழுதிக் கொடுத்தபடி, பதின்மூன்று வரியாகத்தான் இருந்தது. புலவர் கட்டுரையைத் திருத்தி அனுப்பியிருந்தார். அதற்குள் அச்சு ஓடிவிட்டது. கட்டுரை நன்றாக இருந்ததால் பள்ளிக்கூடங்களில் அதை வைத்தே பாடம் நடத்தினார்கள். இறுதிக் கண்ணியில் அடி இருமுறை வருவதன் நயம் யாது என்று தேர்வில் கேட்டார்கள். பிள்ளைகள் எழுதினார்கள்; மதிப்பெண் வாங்கினார்கள். புலவர் இரண்டு பள்ளிக்கூடங்களுக்கு நேரில் போய்ச் சொல்லிப் பார்த்தார். புத்தகத்தில் இருக்கிறதே ஐயா என்று அவரிடமே அவர் கட்டுரையைக் காட்டினார்கள்.

அதனால் புத்தகத்தோடு நூலகத்துக்கு வந்து கல்லைப் பார்க்கிறவர்கள் குழம்பினார்கள். அவர்களில் சிலர் விசாரித்துக்கொண்டு பட்டறைக்கே வந்தார்கள். முதலில் வந்தது ஒரு ஆசிரியை. கையில் புத்தகம், முகத்தில் அடுத்தவர் பிழையைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்ற சங்கடம்.

"தப்பா எடுத்துக்காதீங்க. கல்லுல ஒரு வரி கூடுதலா வெட்டியிருக்கீங்க."

அப்புறம் ஒரு தபால்காரர் வந்தார். ஒரு வக்கீல் குமாஸ்தா வந்தார். கல்யாணமாகி ஒரு வாரமே ஆன ஒரு ஜோடி வந்தது. மாதத்துக்கு ஒருவராவது வந்தார்கள்.

"குறைஞ்சிருந்தப்ப ஒரே ஒரு ஆள்தான் வந்து சொன்னாங்க" என்று உளிக்காரன் தம்பியிடம் சொன்னான். "சரி பண்ணினப்புறம் ஊரே வந்து சொல்லுது."

வருகிறவர்களை எழுத்துக்காரி ஸ்டூலைத் துடைத்து உட்காரச் சொல்வாள். பென்சிலை வைத்துவிட்டு, விசில் என்று ஒருவன் இருந்தான் என்று ஆரம்பித்து, ரொட்டியை வைத்திருக்கச் சொல்லிவிட்டுப் போனது வரைக்கும் சொல்வாள். தான் அந்த வரியை அடித்ததையும் விடமாட்டாள். சொல்லி முடிக்கப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடமும் உளிக்காரன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பான். கல்லில் உளி விழுந்தால் அந்தச் சத்தத்தில் வந்தவருக்கு ஒன்றும் கேட்காது.